அத்தையின் அவர்

யுத்த பயத்தில் பாதி மயிலாப்பூர் ஊரைக் காலிசெய்துகொண்டு போன வருஷம், எதிர்வீட்டு வக்கீல் தன் புத்தக அலமாரியை எங்கள் வீட்டில் இறக்கிவிட்டுப் போனார். பத்திரமாகப் பார்த்துக்கொள்ளச் சொன்னதை அத்தை படிக்கவே ஆரம்பித்துவிட்டாள். அத்தை அப்பாவின் தங்கை, கான்வென்டில் படித்தவள்.

மத்தியானங்களில் தெருவே உறங்கும். கடற்காற்று சாந்தோம் பக்கமிருந்து கிளம்பி, பூட்டிய வீடுகளைத் தாண்டி எங்கள் கூடத்து ஜன்னலுக்கு வரும். அத்தையின் மடியில் பாதித் தூக்கத்தில் கிடப்பேன். பக்கம் புரளும் சத்தம் கேட்கும். நடுநடுவே அவள் தனக்குள் சிரித்துக்கொள்வாள்.

அவளை அப்படி மயக்கியவர் ஓர் ஆங்கில நாவலாசிரியர். என்றோ செத்துப்போனவர், மனிதர்களின் குணத்தை அக்கக்காகப் பிரித்துப் போடுகிறவர். அவர் பெயர் எங்கள் வாயில் லேசில் நுழையாது. ஆகவே வெறும் 'அவர்'. ரசம் நீர்த்துப்போயிற்றென்று அம்மா விசாரப்பட்டால், "குறை சொல்றவாளுக்குப் பசியில்லைன்னு அவர் சொல்றார், மன்னி" என்பாள் அத்தை. அம்மா கரண்டியும் கையுமாக யோசித்துவிட்டு, "ரொம்ப சரி" என்பாள். அப்பாவுக்கு இதெல்லாம் தெரியாது. அப்பா வீட்டில் இருந்தால் இருவரும் வாயே திறப்பதில்லை.

அப்பாவையும் அம்மா 'அவர்' என்றுதான் சொல்வாள். எங்கள் வீடுகளில் புருஷன் பெயரைப் பெண்டாட்டி சொல்லக்கூடாது. ரேஷன் கடையில் அப்பா பெயரைக் கேட்டால்கூட, சொல்வதற்கு என்னை முன்னால் தள்ளிவிடுவாள். எனக்கு அதில் ஏகப் பெருமை.

பயம் தெளிந்து ஜனங்கள் திரும்பத் தொடங்கியதும் அத்தையைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளைக்கு இரண்டாந்தாரம், காதோரம் நரைத்திருந்தது. அப்பா மனசுக்குள் தாம்பூலமே மாற்றிவிட்டார். அத்தையிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

சொஜ்ஜியும் பஜ்ஜியும் தீர்ந்தபின் மாப்பிள்ளையின் தாயார் ஆரம்பித்தாள். "எங்காத்துப் பிள்ளைகிட்ட ஒரு பிசகு கிடையாது. மத்தவாள்ட்டயும் அப்படித்தான் எதிர்பார்ப்பான்."

அத்தை தரையைப் பார்த்தபடி, கனவில் பேசுகிறவளைப்போல மெல்லச் சொன்னாள். "பிசகே பண்ணாதவாளோட குடித்தனம் பண்றதுதான் கஷ்டம்னு அவர் சொல்லுவார்."

"எவர்?" என்றாள் அந்த அம்மாள்.

அப்பாவின் முகம் வெளுத்துப்போயிற்று. "யாரது? பேரைச் சொல்லு."

அத்தை சொல்லவில்லை. தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு தலைகுனிந்தாள். முகம் காதுவரை சிவந்திருந்தது. அப்பா சமையலறைப் பக்கம் பார்த்தார். வாசலில் நின்றிருந்த அம்மாவும் வாய் திறக்கவில்லை. வந்தவர்கள் செருப்பை மாட்டிக்கொண்டு குதிரை வண்டியில் ஏறிப் போய்விட்டார்கள்.

எனக்கு அழுகை அழுகையாக வந்தது. ஒரே ஒரு பெயர். அதைச் சொல்லியிருந்தால் அத்தைக்குக் கல்யாணம் ஆகியிருக்குமே! தெரிந்திருந்தால் நானாவது சொல்லியிருப்பேன்.

சமையலறைக்கு ஓடினேன். அத்தையும் அம்மாவும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, தலைப்பால் வாயைப் பொத்தியபடி குலுங்கிக்கொண்டிருந்தார்கள். கண்ணிலிருந்து ஜலம் கொட்டியது. நானும் அவர்களைக் கட்டிக்கொண்டு அழுதேன். பாவம், இருவருக்கும் ஒரே சமயத்திலா பெயர் மறந்துபோகும்!