‘வேர்’ என்ற சொல்லும் என் வீட்டுக்காரரின் இடது காதும்

மருமகன் வெளிநாட்டில் பிறந்து வளர்ந்தவர். தமிழில் “வணக்கம் மாமி”க்கு மேலே போகமாட்டார். அவரோடு நாலு கதை கதைக்கவேண்டும் என்றுதான் ஐம்பத்தைந்து வயதில் ஆங்கில வகுப்பில் சேர்ந்தேன். சனிக்கிழமைகளில் பூநகரியிலிருந்து கிளிநொச்சிக்குப் போவேன். பஸ் வராவிட்டால் என் வீட்டுக்காரர் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விடுவார்.

ஒருநாள் ரீச்சர் ‘அஸ் இஃப்’ படிப்பித்தா. இல்லாத ஒன்றை இருப்பதுபோலச் சொல்லும்போது, ஒற்றை ஆளைப் பற்றிச் சொன்னாலும் ‘வோஸ்’ (was) போடாமல் ‘வேர்’ (were) போடவேண்டுமாம். வீட்டில் ஒரு வசனம் எழுதிவரச் சொன்னா.

நான் எழுதினேன்: ‘என் கணவர், தான் ஒரு நீர்ப்பாசன எஞ்சினியர் என்பதுபோல உத்தரவு போடுவார்.’

அவர் எட்டிப் பார்த்து, என்னவென்று கேட்டார். சொன்னேன்.

“அப்ப நான் சொல்லுறதையும் எழுது. என்ரை மனிசி, நான் ஏதோ செவிடன் எண்டமாதிரிக் கத்துறா.”

கோபம் வந்தாலும் என்னுடையதைவிட அது நல்ல வசனம். அதையும் ‘வேர்’ போட்டு எழுதி, வகுப்பில் வாசித்தேன். எல்லோரும் சிரித்தார்கள். ரீச்சர் மட்டும் கேட்டா: “அக்கா, அவருக்குக் காது நல்லாக் கேக்கும்தானே? உண்மையாவே கேக்காட்டில் இந்த ‘வேர்’ பிழை.”

“கேக்கும்” என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் யோசித்தேன். நான் ஏன் இப்படிக் கத்துகிறேன்?

அன்று பின்னேரம் அவர் முற்றத்தில் கதிரை போட்டு இருந்தார். இடது பக்கம் போய் மெல்லக் கேட்டேன்.

“தேத்தண்ணி வேணுமே?”

தேத்தண்ணியை ஒருநாளும் மறுக்காத மனிசன் பேசாமல் இருந்தார். வலது பக்கம் போய் அதே குரலில் கேட்டேன்.

“ஓம், கொண்டு வா.”

இத்தனை காலமும் வேண்டுமென்றே கேளாததுபோல் இருக்கிறார் என்றல்லவா ஏசிக்கொண்டிருந்தேன். திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டொக்டர் காதுக்குள் லைட் அடித்துப் பார்த்துச் சிரித்தார்.

“ஐயா, இதுக்குள்ளை உழுந்து விதைக்கலாம். அவ்வளவு ஊத்தை.”

கழுவி எடுத்தபிறகு வெளியே வந்தவர், வாசலிலேயே திகைத்து நின்றார்.

“ஏனப்பா எல்லாரும் கத்துகினம்?”

இப்போது குசினிக்குள் நான் முணுமுணுப்பதற்கெல்லாம் முற்றத்திலிருந்து பதில் வருகிறது. நேற்று மீன்குழம்புக்குப் புளி காணாது, இன்னும் கொஞ்சம் விடவேணும் என்று சட்டியைப் பார்த்துத்தான் சொன்னேன்.

“காணும், காணும். இறக்கு” என்றார்.