வேர் என்று நினைத்து மூன்று கொத்து

போன கோடையில் நடந்தது. சிவகாசிப் பக்கம் நான் வேலை பார்க்கும் பட்டாசுக் கம்பெனி பூட்டிக் கிடந்ததால், ஊர்க் கண்மாயில் நூறு நாள் வேலைக்குப் போயிருந்தேன். மண்ணுக்குள் ஏதோ தட்டியது. கருவேல வேர்தான் என்று நினைத்து மம்பட்டியால் ஓங்கி மூன்று கொத்து கொத்தினேன். தோண்டி எடுத்தால், ஆத்தாடி, மனுச எலும்பு! நான் போட்ட கூச்சலில் மொத்தப் பேரும் ஓடி வந்துவிட்டார்கள்.

அது கால் எலும்பு. ஆஸ்பத்திரியில் வைத்த பிளேட்டும் அதில் இருந்தது. நாலு வருஷத்துக்கு முன் கண்மாய் பெருகிய ஒரு மழையில் காணாமல் போன எங்கள் தெருக்காரருக்குத்தான் அப்படி பிளேட் வைத்திருந்தது.

"அருவா வெட்டுல்ல கெடக்கு! பொண்டாட்டிக்காரிதான் ஆள வச்சுத் தீத்திருக்கா" என்றாள் கூட்டத்தில் ஒருத்தி. அதுவே ஊர்ப்பேச்சாகிவிட்டது. போலீஸ் மீதி எலும்புகளையும் தோண்டி எடுத்துவிட்டு, அந்தப் பெண்ணைத் தினமும் ஸ்டேஷனுக்கு அழைத்தது.

அந்த வெட்டு என் மம்பட்டி போட்டது என்று எனக்குத் தெரியும். சொன்னால் என்னைப் பிடித்து உள்ளே வைத்துவிட்டால்? மம்பட்டியைக் கழுவிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு கிடந்தேன். சே, நானும் ஒரு மனுஷி!

மூன்றாம் நாள் குழாயடியில் அந்தப் பெண்ணின் குடத்தை யாரோ தூக்கி ஓரமாக வைத்தார்கள். அவள் வெறுங்குடத்தோடு திரும்பினாள். அதற்குமேல் எனக்குப் பொறுக்கவில்லை. மம்பட்டியைத் தூக்கிக்கொண்டு நேரே ஸ்டேஷனுக்குப் போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

சில நாள் கழித்து, எலும்பைப் பரிசோதித்த டாக்டரம்மா என்னையும் அவளையும் விருதுநகருக்கு வரச் சொன்னார். என் மம்பட்டியின் வாயில் ஓரிடம் உடைந்திருக்கும். அதை மெழுகில் கொத்திப் பார்த்தபோது, உடைந்த இடம் ஒரு கோடாக விழுந்ததாம். எலும்பில் இருந்த மூன்று வெட்டிலும் அதே கோடு.

"எலும்பு மண்ணுல ஊறி காவியா இருக்கு. வெட்டு விழுந்த இடம் மட்டும் வெள்ளையா இருக்கு பாருங்க. அவர் இறந்து ரொம்ப நாள் கழிச்சு விழுந்த வெட்டு இது. மத்த எலும்புலயும் வேற வெட்டே இல்லை" என்றார்.

இனி ஸ்டேஷனுக்குப் போக வேண்டாமா என்றுகூட அவள் கேட்கவில்லை. "அப்ப, இது விழுந்தப்ப அவுகளுக்கு வலிச்சிருக்காதுல்லம்மா?" என்றுதான் கேட்டாள்.

"வலிச்சிருக்காதும்மா."

முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். எனக்கும் அடக்க முடியவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னைய மன்னிச்சிரு தாயி" என்றேன்.

"நீங்க கொத்தலைன்னா அவுக இன்னும் அங்கனதான மதினி கெடந்திருப்பாக" என்றாள்.

அந்த மூன்று கொத்தை அவள் மன்னித்துவிட்டாள். வாய் திறக்காமல் கிடந்த மூன்று நாளைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.