பின்னால் நகர்ந்த வரிசை

எங்கள் காப்பகத்தின் கேட்டுக்கு இரண்டு பூட்டு. இரண்டின் சாவியும் என்னிடம்தான். வெளியிலிருந்து யாரும் நுழைந்துவிடக் கூடாது என்பதற்காக என்று மேனேஜர் தினகரன் சார் சொல்வார். நான்கு வருடமாக இங்கே வாட்ச்மேன் வேலை பார்க்கிறேன். உள்ளே வர ஆசைப்பட்ட ஒரு ஆளைக்கூட நான் பார்த்ததில்லை.

சாலவாக்கம் போகும் ரோட்டில், சுற்றிலும் வயல், நடுவில் எங்கள் கட்டடம். பஸ் ஸ்டாண்டிலும் கோயில் வாசலிலும் படுத்துக் கிடக்கிற பெண்களை வேனில் ஏற்றிக் கொண்டுவருவார்கள். சோறு உண்டு, பாய் உண்டு, மாதம் ஒருமுறை டாக்டரும் உண்டு. வெளியே போக வேண்டுமானால் ரத்த உறவில் ஒருவர் ஆதார் அட்டையோடு வந்து கையெழுத்துப் போட வேண்டும். அப்படி ஒருவர் இருந்திருந்தால் இவர்கள் ஏன் பஸ் ஸ்டாண்டில் படுக்கப் போகிறார்கள் என்று நான் ஒருமுறை கேட்டேன். கேட்டைப் பார்த்துக்கொள் எல்லப்பா என்றார் சார்.

திலகா போன ஆடியில் வந்தாள். நாற்பத்து நாலு வயது, புள்ளலூர் பக்கம். புருஷன் கிட்னி கெட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டான். ஏரிப் புறம்போக்கில் இருந்த குடிசையை ஆக்கிரமிப்பு என்று ஜேசிபி வைத்துத் தள்ளிவிட்டார்கள். எட்டு மாதம் உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் தூங்கி எழுந்து, துணி மூட்டையைப் பூக்கடையில் கொடுத்துவிட்டு, தினமும் நடவுக்கும் களையெடுக்கவும் போய்வந்திருக்கிறாள். ஒரு சாயங்காலம் வேலை முடித்துச் சேற்றுக் காலோடு திரும்பியவளை வேனில் ஏற்றிவிட்டார்கள்.

"நான் இன்னா பைத்தியமாண்ணா? வேலைக்குப் போய்க்கினு இருந்தவள தூக்கினு வந்துட்டாங்க. என்ன வுட்டா நடவுக்குப் போய் ஒரு வாடக வூடு புடிச்சுப்பேன். கையி காலு நல்லாதான கீது?"

நன்றாகத்தான் இருந்தது. கையெழுத்துப் போடத்தான் ஆள் இல்லை. ஒரு தம்பி உண்டு. முதல் தடவை போன் செய்தபோது, எங்களுக்கே இடம் இல்லை என்றான். அடுத்த தடவையிலிருந்து போனையே எடுக்கவில்லை. திலகா தினமும் காலையில் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எதிர் வயலைப் பார்ப்பாள். நாற்றங்காலில் நாற்று முற்றிப்போகிறது என்று திட்டுவாள். திட்டு வயல்காரனுக்கா எனக்கா என்பது எனக்குத் தெரியும்.

சனிக்கிழமைகளில் ஜெனிஃபர் டீச்சர் ஸ்கூட்டியில் வருவார். சாலவாக்கத்தில் சர்ச் பாடகர் குழுவை நடத்துகிறவர். இங்கேயும் பதினோரு பெண்களை நிற்க வைத்துப் பாட்டுச் சொல்லிக் கொடுத்தார். யாருக்கும் வாய் திறக்காது. டீச்சர் மட்டும் பாடிவிட்டு, எல்லோரும் பாடியதாக நினைத்துக்கொண்டு போவார். ஒருநாள் திலகா பொறுக்க முடியாமல், "இது இன்னா பாட்டு டீச்சர், பசியில முனுவுற மாதிரி கீது" என்று தானே ஒரு நடவுப் பாட்டை எடுத்தாள்.

"நாத்துக் கட்ட அவுத்து வையி…"

நடவுப் பாட்டில் முதல் வரி ஒருத்தி பாட, மற்றவர்கள் பதில் பாட வேண்டும். பதில் வராவிட்டால் அடுத்த வரி கிடையாது. திலகா காத்திருந்தாள். வரிசையின் கடைசியிலிருந்து ஒரு கரகரத்த குரல் வந்தது.

"வச்சாச்சு தாயே வச்சாச்சு."

பாடியது ஆண்டாளம்மாள். நான் வேலைக்குச் சேர்ந்த அதே மாதம் செங்கல்பட்டு ரயில்வே ஸ்டேஷனிலிருந்து கொண்டுவரப்பட்டவர். கையில் பச்சை குத்தியிருந்ததால் பெயர் மட்டும் தெரியும். ஊர் தெரியாது. நான்கு வருடத்தில் ஒரு வார்த்தை பேசியதில்லை.

அன்றிலிருந்து பாட்டு நிற்கவில்லை. சுவரில் தலையை இடித்துக்கொள்கிற பெண் பாட்டு நேரத்தில் இடிப்பதை விட்டாள். சோற்றுத் தட்டைத் தள்ளிவிடுகிறவள் பாடி முடித்துவிட்டு, குழம்பு இன்னும் ஊற்று என்று சண்டை போட்டாள். ஆண்டாளம்மாள் மட்டும் பாட்டுக்கு வெளியே பேசவேயில்லை. ஊர் எது என்று சார் கேட்டால் சுவரைப் பார்ப்பார். திலகா முதல் வரி எடுத்தால்தான் வாய் திறப்பார்.

டீச்சருக்கு ஒரே ஒரு தலைவலி. நடவு நடுகிறவர்கள் குனிந்து நட்டபடியே பின்னால்தான் நகர்வார்கள். பாட்டு வந்தால் இவர்கள் காலும் வரிக்கு ஒரு அடி பின்னால் போய்விடும். சுண்ணாம்புக் கோடு போட்டுப் பார்த்தார். கோட்டைத் தாண்டிப் பின்னால் போனார்கள்.

பொங்கல் முடிந்து ஆண்டு விழா. முற்றத்தில் ஷாமியானா, நன்கொடையாளர்கள், மாலை, மைக். பிரியாணி வண்டி உள்ளே வர வேண்டும் என்பதால் கேட்டைத் திறந்து வைக்கச் சொன்னார் சார். ஒரே நிறப் புடவையில் பதினோரு பெண்களும் விருந்தாளிகளைப் பார்த்து நின்றார்கள். முதுகுப் பக்கம் கேட்.

பாட்டு தொடங்கியது. வரிக்கு ஒரு அடி. முற்றம் அவ்வளவு பெரியதில்லை. இதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி போலிருக்கிறது என்று விருந்தாளிகள் கை தட்டினார்கள். நானும் அப்படியே நினைத்து ஒதுங்கி வழிவிட்ட மகாபுத்திசாலி. பதினோரு பேரும் பாடிக்கொண்டே கேட்டைத் தாண்டி ரோட்டில் போய் நின்றார்கள்.

அப்போது டவுன் பஸ் வந்தது. ஒரு கூட்டம் பெண்கள் நிற்பதைப் பார்த்து டிரைவர் நிறுத்திவிட்டார். பாட்டு நின்றது. திலகா திரும்பினாள். கதவு அவள் முகத்துக்கு நேராகத் திறந்திருந்தது. ஒரு காலைப் படியில் வைத்தாள்.

"ஏறும்மா, லேடீஸுக்கு ஃப்ரீதான். எங்க போவணும் சொல்லு" என்றார் கண்டக்டர்.

திலகா வாயைத் திறந்தாள். குடிசை இருந்த இடத்தில் இப்போது ஏரிக்கரை. தம்பி இருக்கிற இடத்தில் அவளுக்கு இடமில்லை. பஸ் ஸ்டாண்டு என்று சொன்னால் மறுபடியும் வேன் வரும்.

"மானாம்பதி" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

ஆண்டாளம்மாள்தான். பாட்டில்லாமல், முதல் வரி யாரும் எடுக்காமல்.

திலகா படியிலிருந்து காலை எடுத்துவிட்டாள். ஓடிப்போய் அவர் தோளைப் பிடித்து, "இன்னொரு வாட்டி சொல்லுக்கா" என்று உலுக்கினாள். டிரைவர் ஹார்ன் அடித்துப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதற்குள் சார் வந்துவிட்டார். எல்லோரையும் நான்தான் உள்ளே ஓட்டினேன். பூட்டியதும் நான்தான்.

சார் மானாம்பதிக்குச் சொல்லியனுப்ப, ரெண்டே நாளில் அங்கிருந்து மகன் வந்தான். வீட்டில் அம்மா படத்துக்கு மாலை போட்டு வைத்திருந்தானாம். கையெழுத்துப் போட்டு, அழுது, கூட்டிக்கொண்டு போனான். திலகா கேட்வரை வந்து வழியனுப்பினாள்.

"அன்னிக்கு ஏறியிருக்கலாமே" என்றேன்.

"அந்தக்கா ஊரு பேரு சொல்றாங்க, நான் பஸ்ஸப் பாத்துக்கினு இருப்பனாண்ணா?" என்றாள். அதற்கப்புறம் மூன்று சனிக்கிழமை அவள் பாடவில்லை. மற்றவர்களும் பாடவில்லை. சுவரில் இடிக்கிற சத்தம் மறுபடியும் கேட்டது.

நாலாவது சனிக்கிழமை ஆண்டாளம்மாள் தனியாக பஸ் ஏறி வந்தார், புது ஆதார் அட்டையோடு. திலகாவுக்கு நான் கையெழுத்துப் போடுகிறேன் என்றார்.

"இன்னா உறவு?" என்றார் சார் கேட்டுக்கு உள்ளேயிருந்து.

"கூடப் பாடுறவ."

"ரத்த உறவாம்மா?"

"எம் பேச்ச திருப்பிக் குடுத்தவ. இதுக்கு மேல இன்னா சார் ரத்தம்? திங்கக்கெழம கலெக்டர் ஆபீசுல மனு குடுக்கப் போறேன்."

குடுத்துப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு சார் அறைக்குள் போய்விட்டார். ஆண்டாளம்மாள் போகவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார். முற்றத்தில் டீச்சர் எல்லோரையும் வரிசையாக நிறுத்திக்கொண்டிருந்தார். கேட்டுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுத் திலகா திரும்பி நின்று முதல் வரியை எடுத்தாள். ரோட்டிலிருந்து பதில் வந்தது. உடனே மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

வரிக்கு ஒரு அடி பின்னால் வந்தார்கள். கடைசியில் திலகாவின் முதுகு கேட்டில் முட்டியது. ஆண்டாளம்மாள் கம்பிக்குள் கையை விட்டு அவள் தோளைப் பிடித்துக்கொண்டார். பாட்டு முடியவில்லை. அதனால் அவள் கால் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் போகப் பார்த்தது, கேட் ஒவ்வொரு வரிக்கும் ஆடியது.

சாவி என் சட்டைப் பையில் இருந்தது. எனக்கு அவ்வளவு வெட்கமாக இருந்தது. ஆனாலும் நான் அதை எடுக்கவில்லை.