பாலம் உடைந்த புத்தகமும் உடையாத புத்தகமும்

1. தளபதி எங்கே போனான்

சேவையர் கனகசபை ஐயா புத்தகத்தை மேசையில் போட்ட சத்தத்துக்கு, பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பேர் எழும்பி வெளியே ஷெல்லுக்குப் பதுங்க வெட்டிய பங்கரைப் பார்த்தார்கள்.

அது தொண்ணூற்றேழாம் ஆண்டு. துணுக்காயில் கிடுகால் வேய்ந்த ஒரு கொட்டிலில் எங்கள் நூலகம் நடந்தது. அதற்கு முதல் வருடம் சண்டையால் கிளிநொச்சியை விட்டுச் சனம் வெளிக்கிட்டபோது நூலகமும் ஓர் உழவு இயந்திரப் பெட்டியில் ஏறி வந்தது. வழி முழுக்க மழை. வந்து சேர்ந்தவற்றில் பாதிப் புத்தகத்துக்கு அட்டை இல்லை, மற்றப் பாதிக்குத் தையல் இல்லை. அவற்றைத் திரும்பக் கட்டுவது என் வேலை.

"தங்கச்சி, இஞ்ச வாரும். இது நீர் கட்டின புத்தகம்தானே?"

"ஓம் ஐயா."

"அப்ப சொல்லும். தொண்ணூற்றாறாம் பக்கத்தில தளபதி குதிரையில ஏறுறான். தொண்ணூற்றேழில ஒரு சமையல்காரன் இருந்து உருளைக்கிழங்கு உரிக்கிறான். தளபதி எங்க போனவன்?"

அவருக்குப் பின்னால் முத்தையா நின்றார். அவர் கையிலும் நான் கட்டிய ஒரு புத்தகம்.

"அவரு எம் புத்தகத்துல இருக்காருங்கய்யா. தொண்ணூத்தேழுல குதிரைய விட்டு எறங்குறாரு, பாருங்க."

நூலகப் பொறுப்பாளர் மிஸ் தன் கதிரையை விட்டு எழும்பி வந்து இரண்டு புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் புரட்டினார். நான் என்ன செய்திருக்கிறேன் என்று அந்த நேரமே விளங்கிவிட்டது.

2. புளியங்கொட்டைப் படை

இந்த இரண்டு பேரையும் பற்றிச் சொல்ல வேண்டும். சேவையர் ஐயா அரசாங்கத்தில் நில அளவையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். முத்தையா மலையகத்தில் இருந்து வந்து வன்னியில் காடு வெட்டிக் குடியேறிய குடும்பம், லொறி ஓட்டியவர். அந்த வருடம் ஒருவருக்கு அளக்கக் காணி இல்லை, மற்றவருக்கு ஓட்ட டீசல் இல்லை. நூலகத்துக்குப் பக்கத்துப் பாலை மரத்தின் கீழ் இரண்டு பேரும் சண்டை விளையாடினார்கள்.

தாயம் மாதிரி லேசான விளையாட்டு இல்லை. சேவையர் ஒரு பழைய பிளானின் பின்பக்கத்தில் எங்கேயோ பனி கொட்டுகிற நாட்டை ஆறு, மலை, தெரு எல்லாவற்றோடும் கீறி, விரல் அகலத்துக்குக் கட்டம் போட்டிருந்தார். புளியங்கொட்டை காலாட்படை. கழற்சிக்காய் பீரங்கி. ஆற்றுக்குக் குறுக்கே வைத்த நெருப்புக்குச்சி பாலம். சோகி உருட்டி நகர்த்துவார்கள். ஆனால் ஒரு படை ஒரு நாளில் எத்தனை மைல் நடக்கும், பீரங்கி எவ்வளவு தூரம் அடிக்கும், உடைந்த பாலத்தைக் கட்ட எத்தனை நாள் போகும் என்பதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறபடிதான். புத்தகத்தில் இல்லாததைச் சேவையர் ஒத்துக்கொள்ளமாட்டார். அதனால் நூலகத்தில் இருந்த சண்டைப் புத்தகம் எல்லாவற்றுக்கும் இவர்கள்தான் வாசகர்கள்.

எனக்கு அவர்களைப் பார்க்கவே களைப்பாக இருக்கும். ஒருநாள் கேட்டேன், "இஞ்ச நடக்கிறது காணாதெண்டோ கீறி வைச்சும் சண்டை பிடிக்கிறியள்?"

சேவையர் தலை நிமிர்த்தவில்லை. "இது நாங்கள் நில் எண்டா நிக்கும், தங்கச்சி."

நான் கட்டிய புத்தகம் கைக்குப் போன பிறகு அந்த விளையாட்டில் பிரச்சினை தொடங்கியது. சேவையரின் புத்தகத்தில் பாலத்தை உடைத்துவிட்டார்கள். முத்தையாவின் புத்தகத்தில் பாலம் முழுதாக நிற்கிறது, ஆட்டுக்காரன் ஒருவன் அதன் மேலால் ஆடு ஓட்டிப் போகிறான். முத்தையா தன் கொட்டைகளைப் பாலத்தால் கொண்டுபோனார். பாலமே இல்லை என்று சேவையர் நெருப்புக்குச்சியை எடுத்து முறித்துப் போட்டார். மூன்று நாள் இரண்டு பேருக்கும் கதை பேச்சு இல்லை. நாலாம் நாள்தான் புத்தகங்களை ஒன்றாக வைத்துப் பார்த்திருக்கிறார்கள்.

"அதுவரைக்கும் ஒண்டும் தெரியேல்லையோ ஐயா? ஆள் மாறி ஆள் வருகுதே," என்று மிஸ் கேட்டார்.

சேவையர் கொஞ்சம் வெட்கப்பட்டார். "மொழிபெயர்ப்பெண்டா அப்பிடித்தான் இருக்கும் எண்டு நினைச்சன், பிள்ளை."

3. இலக்கம் காணும்

நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள். கிளிநொச்சியில் ஓர் அச்சகத்துக்கு வேலை கேட்டுப் போன முதல் நாள், வேலையை மேற்பார்க்கிற போர்மன் கேட்டார், "எழுத்துத் தெரியுமோ?"

"இலக்கம் தெரியும்."

"காணும். எழுத்தை நாங்கள் பாக்கிறம். நீ இலக்கத்தைப் பார்."

புத்தகம் என்பது பாரம் பாரமாக வரும். ஒரு பாரம் என்றால் பதினாறு பக்கம் வர மடித்த ஒரு தாள். முதலாம் பாரம் ஒன்றில் இருந்து பதினாறு, அடுத்தது பதினேழில் இருந்து முப்பத்திரண்டு. அடுக்கி, தைத்து, பசை பூசி, அட்டை போடுவது. அச்சகத்தில் ஒரு நேரத்தில் ஒரு புத்தகம்தான் கட்டுவோம். அதனால் இலக்கம் மட்டும் போதும். நான் அடுக்கியதில் ஒரு பாரம் மாறியது என்று யாரும் சொன்னதில்லை. அதில் எனக்குப் பெருமை இருந்தது, இப்போதும் இருக்கிறது.

துணுக்காயில் எனக்கு வந்த சாக்கில் இரண்டு புத்தகம் பாரம் பாரமாகக் கழன்று கலந்து கிடந்தன. ஒரே அச்சகம், ஒரே அளவு, ஒரே எழுத்து, மழையில் ஊறி ஒரே பழுப்பு. புத்தகத்தின் பெயர் இருக்க வேண்டிய அடி ஓரத்தைக் கறையான் தின்றிருந்தது. மேலே பக்க இலக்கம் மட்டும் மிச்சம். ஒவ்வோர் இலக்கத்திலும் இரண்டு பாரம். நான் இங்கே ஒன்று அங்கே ஒன்று என்று வைத்துக்கொண்டு போனேன். இரண்டும் சரியாக முடிந்தன. நிவாரண மாவில் பூச்சி அரிக்காமல் துருசு போட்டுக் காய்ச்சிய பசை, நிவாரணப் பெட்டியில் வெட்டிய அட்டை, முதுகுக்கு என் பழைய நீலச் சீலையின் கரை. இவ்வளவு வடிவாக அந்த வருடம் நான் வேறொன்றையும் கட்டவில்லை.

இரண்டும் ஒரே நாட்டுச் சண்டை, ஒரே ஆறு. ஒன்று நடந்ததை எழுதிய புத்தகம், மற்றது கதை. அது கட்டுகிற நேரம் எனக்குத் தெரியாது.

4. கண்ணாடி

"தங்கச்சி, இந்தப் பந்தியை ஒருக்கா வாசியும். வாசிச்சாத் தெரியும் எவ்வளவு பிழை எண்டு."

சேவையர் புத்தகத்தை என் பக்கம் திருப்பி வைத்தார். நூலகத்தில் எட்டுப் பத்துப் பேர் இருந்தார்கள்.

"கண்ணாடி கொண்டுவரேல்லை, ஐயா," என்றேன்.

நான் கண்ணாடி போடுவதில்லை என்று அந்தக் கொட்டிலில் எல்லோருக்கும் தெரியும். முத்தையாதான் பேசினார்.

"அவங்க தைக்கிறவங்க. அவங்கள வாசிக்கச் சொல்றீங்களே, நீங்க தைச்சுக் காட்டுங்களேன் பாப்பம். லொறிக்கு டயர் மாட்டுறவன கண்டிக்கு ஓட்டிட்டுப் போன்னு சொல்லுவீங்களா?"

மற்றவர்களுக்குச் சிரிப்பு வந்தது. எனக்கு வரவில்லை.

மிஸ் என்னைத் தனியே கூப்பிட்டு மெதுவாகச் சொன்னார். "அக்கா, இன்னும் நாப்பது புத்தகம் கட்டக் கிடக்கு. பக்கத்து ஊர் மல்லாவியில ஒருத்தர் தான் கட்டித் தாறன் எண்டு கேட்டுக்கொண்டு திரியிறார். படிச்ச மனிசன். மேலிடத்துக்கு நான் என்ன சொல்ல?"

அந்த வேலை இருக்கும்வரை நான் பைண்டர். அது போனால் நிவாரண வரிசையில் நிற்கிற இன்னொரு மனிசி. திரும்ப வந்து எல்லோருக்கும் முன்னால் சொன்னேன்.

"பிழை என்னிலதான். நான் இலக்கத்தைப் பாத்துக் கட்டினனான், வாசிக்கேல்லை. ஒரு கிழமை தாங்கோ. பிரிச்சுச் சரியாக் கட்டித் தாறன். அதுக்குப் பிறகும் பிழையெண்டா நாப்பதையும் மல்லாவிக்குக் குடுங்கோ."

5. ஒரு கிழமை

நூலை வெட்டினேன். பாரங்களைப் பாயில் பரப்பி, பறக்காமல் கல் வைத்து, விரல் வைத்து எழுத்தெழுத்தாக வாசித்தேன். ஒரு பாரத்தில் இரண்டு வரி போதும் என்றுதான் தொடங்கினேன். போதவில்லை. முதல் நாள் மூன்று பாரம். கண்ணும் கழுத்தும் நொந்தன. எந்தச் சண்டையானாலும் எனக்கு அலுத்துப்போன காலம் அது. அதைத் தேடி எழுத்துக்கூட்டி வாசிக்க வேண்டி வந்ததே என்று என்னையே ஏசினேன்.

இரண்டாம் நாள் ஒரு வழி பிடிபட்டது. ஒரு புத்தகத்தில் இலக்கம் அதிகம். இத்தனை மைல், இத்தனை படை, இத்தனை மணிக்கு ஆற்றைக் கடந்தார்கள், சேதம் குறைவு. பெயர் உள்ளவன் தளபதி மட்டும். மற்றதில் எல்லோருக்கும் பெயர் உண்டு. சமையல்காரனுக்கு, ஆட்டுக்காரனுக்கு, கோவேறு கழுதைக்குக்கூட. இலக்கப் பாரம் பாயின் இந்தப் பக்கம், பெயர்ப் பாரம் அந்தப் பக்கம். ஒவ்வொன்றாகப் பிரிந்து வந்தன.

ஒரு சோடி மட்டும் பிரியவில்லை. நூற்றுப் பதின்மூன்றில் தொடங்குகிற பாரம். இரண்டிலும் பெயரும் இல்லை, இலக்கமும் இல்லை. இரண்டிலும் படை நடக்கிறது. ஒன்றில் வெயிலில், தூசுக்குள். மற்றதில் மழையில். மழையில் நடக்கிறவர்கள் ஒருவரும் சண்டையைப் பற்றிக் கதைக்கவில்லை. ஒருவன் உப்பு இருக்கிறதா என்று கேட்கிறான். ஒருவன் சப்பாத்தின் அடி கழன்று, சட்டையில் கிழித்த துணியால் அதைக் காலோடு கட்டிக்கொண்டு நடக்கிறான்.

இரண்டையும் மூன்று தரம் வாசித்தேன். யாரையும் கேட்க மனம் வரவில்லை. கிளிநொச்சியில் இருந்து வந்த நாள் நானும் மழையில் நடந்தவள், புத்தகம் நெரிக்கிற பலகையைச் சைக்கிளில் கட்டி உருட்டிக்கொண்டு. அன்றைக்கு எனக்கு முன்னால் சேவையரும் அவர் மனைவியும் போனார்கள். அந்த அம்மாவின் செருப்பு அறுந்து, வாழைநாரால் கட்டியிருந்தார். வழி நெடுக உப்பையும் செருப்பையும் தவிர வேறு கதை இல்லை. ஆகவே மழைப் பாரம்தான் உண்மை என்று தீர்த்து, அதை நடந்ததை எழுதிய புத்தகத்தில் தைத்தேன். வெயில் பாரம் கதைக்குப் போனது.

6. நூற்றுப் பதின்மூன்றாம் பக்கம்

ஏழாம் நாள் புத்தகங்களை மேசையில் வைத்தேன். சேவையர் பாரத்துக்குப் பாரம் பார்த்தார். தளபதி குதிரையில் ஏறினான், அடுத்த பக்கத்தில் இறங்கினான். முத்தையாவின் சமையல்காரன் கிழங்கை உரித்து முடித்தான்.

நூற்றுப் பதின்மூன்றில் சேவையர் நின்றுவிட்டார். பதினாறு பக்கத்தையும் நின்றபடியே வாசித்தார்.

"இது கதைப் புத்தகத்தின்ர பாரம், தங்கச்சி."

"எப்பிடித் தெரியும்?"

"முதல் அதிகாரத்திலயே எழுதியிருக்கு. அந்தக் கிழமை முழுக்க வெயில். மழை அடுத்த மாசம்தான்."

மிஸ் என்னைப் பார்த்தார். மல்லாவிக்காரர் என் நினைவுக்கு வந்தார். "தாங்கோ ஐயா. வெட்டி மாத்தித் தைச்சுத் தாறன். இண்டைக்கே," என்றேன்.

அவர் தரவில்லை. சப்பாத்தைத் துணியால் கட்டுகிற அந்தப் பக்கத்துக்குத் திரும்பப் போய், அதில் விரலை வைத்துக்கொண்டு நின்றார். அவர் மனைவியின் காலில் அந்த நடையில் வந்த புண் ஆறவில்லை. நீரிழிவு என்கிற சீனி வருத்தம் உள்ளவர், மருந்தும் கிடைக்காத காலம். அந்த மாரி முடிய முன்னரே அந்த அம்மா காலமாகிவிட்டார். பாலை மரத்தின் கீழ் விளையாட்டுத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

"இருக்கட்டும்," என்றார்.

"பிழையெல்லோ ஐயா?"

"பிழைதான். அது அங்கயே இருக்கட்டும்." பிறகு மிஸ்ஸிடம், "நாப்பதையும் இவவிட்டயே குடும், பிள்ளை. இவ வாசிச்சுக் கட்டுறா," என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

நாற்பதையும் நான்தான் கட்டினேன். எல்லாவற்றையும் வாசித்துத்தான் கட்டினேன். அதனால்தான் ஒரு வருடம் போனது.

ஒரு மாதம் கழிந்திருக்கும். பாலை மரத்தடியில் முத்தையா சத்தம் போடுவது கேட்டது.

"என்னங்கய்யா அநியாயம் இது! நேத்து வரைக்கும் ஒரு நாளைக்கு இருவது மைலு. இன்னைக்கு மழைன்னா எட்டு மைலாம். அதுக்கு மேல நடந்தா, சுடாமலே ஒரு கொட்டைய எடுக்கணுமாம். எந்தப் புத்தகத்துல இருக்கு?"

"நூற்றுப் பதின்மூன்றாம் பக்கம்," என்றார் சேவையர். எடுத்த கொட்டையை டின்னுக்குள் போடாமல் கையிலேயே வைத்திருந்தார்.

7. கேட்டவர்களுக்கு

இப்போது கணினியில் சண்டை விளையாடுகிறவர்கள் நூலகத்துக்கு வந்து எந்தச் சண்டைப் புத்தகம் நல்லது, கதையா உண்மையா என்று கேட்கிறார்களாம். புதிதாக வேலைக்கு வந்த நூலகர்கள் என்னிடம் கேட்டு அனுப்பினார்கள். அதற்குத்தான் இவ்வளவும் எழுதினேன். நான் மெதுவாகத்தான் எழுதுவேன், பிந்தியதற்குக் குறை நினைக்க வேண்டாம்.

அந்த இரண்டு புத்தகமும் இப்போது இல்லை. வேறு இருக்கும். மைலும் மணியும் சொல்கிற புத்தகம் ஒன்று எடுங்கள். சப்பாத்துக்கும் உப்புக்கும் என்ன நடந்தது என்று சொல்கிற புத்தகம் ஒன்று எடுங்கள். இரண்டையும் ஒன்றாகவே இரவல் கொடுங்கள். ஒன்று போதும் என்று யாராவது சொன்னால், அதைக் கட்டக் கொடுத்திருக்கிறது, பிறகு வாருங்கள் என்று சொல்லி அனுப்புங்கள்.