ஹனோவருக்குக் கொண்டுபோன ரம்

காலை 7.10, ஸ்டுட்கார்ட். ரயில் கிளம்பியும் பையை மேலே வைக்க மனம் வராமல் மடியிலேயே வைத்திருந்தேன். உள்ளே, சட்டையில் சுற்றிய ரம் பாட்டில். போவதோ சாவு வீட்டுக்கு. ஹனோவர் சுமார் ஐந்நூறு கிலோமீட்டர், டிக்கெட் 59 யூரோ. அங்கே நான் ஒரு பொய்யை ஒப்புக்கொள்ள வேண்டும். சாட்சிக்குத்தான் பாட்டில்.

குணம் அண்ணை யாழ்ப்பாணத்துக்காரர். ஹனோவரில் வேலை பார்த்த நாட்களில் அவர் வீட்டு மாடியில் குடியிருந்தேன். போன மாதம் பார்க்கப் போனபோது என்னை ஒரு மதுக்கடைக்குக் கூட்டிப்போனார். செப்புப் பானையில் காய்ச்சி, பன்னிரண்டு வருடம் மரப்பீப்பாயில் கிடந்த ரம். ருசி பார்க்க ஆளுக்கு இரண்டு மடக்கு. வெல்லப்பாகு மணக்கும் என்று நினைத்தால், ஓமமும் துளசியும் யூகலிப்டஸுமாக மூக்கில் ஏறியது.

"இது ரம்மோ, கசாயமோ?" என்று சிரித்தார் அண்ணை. தன் அறுபதாவது பிறந்தநாளுக்குத் திறக்கலாம் என்று ஒரு பாட்டில் வாங்கி என்னிடம் கொடுத்துவைத்தார்.

அன்று வெள்ளிக்கிழமை. அவர் மனைவி ராணி அக்காவுக்கு விரதம். வீட்டில் மச்சம் மாமிசம்கூடக் கிடையாது. "என்ன மணம்னு அக்கா கேட்டா இருமல் மருந்துன்னு சொல்லிடுங்கண்ணே" என்று சொல்லிக்கொடுத்த புத்திசாலி நான்தான்.

மூன்று வாரத்தில் பஸ் நிறுத்தத்தில் விழுந்தவர் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு. அக்கா போனில் அழுதார்: "தம்பி, அவருக்கு என்ன வருத்தம்? போன மாசம் அவரில மருந்து மணத்தது. இருமல் மருந்து எண்டவர். இருமலே இல்லை. வருத்தத்தை எனக்கு ஒளிச்சிட்டார். நானும் கவனிக்காமல் விட்டிட்டன்." யாழ்ப்பாணப் பேச்சில் வருத்தம் என்றால் நோய்.

"தெரியலைக்கா" என்றேன். அந்த ஒரு சொல்லை நினைத்தாலே வெட்கமாக இருக்கிறது.

11.45, ஹனோவர். அன்று எட்டுச் செலவு. இறந்தவருக்குப் பிடித்ததையெல்லாம் படைக்கிற சடங்கு. எல்லாருக்கும் லீவு வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளி வைத்திருந்தார்கள். அண்ணையின் படத்துக்கு முன்னால் இலையில் ஆட்டிறைச்சிக் கறி, பொரித்த மீன், பக்கத்தில் வெறும் கிளாஸ். தண்ணீருக்காக்கும் என்று நினைத்தேன். தமிழ்நாட்டில் எங்கள் வீட்டுப் படையலில் மதுவுக்கு இடமே இல்லை. பையைக் காலுக்குப் பின்னால் தள்ளினேன்.

அண்ணையின் தம்பி தவம் கார்ச் சாவியை எடுத்தார். "படையலுக்குச் சாராயம் வாங்க மறந்துபோனம். ஞாயிறு, கடையெல்லாம் பூட்டு. ஸ்டேஷன்ல பாத்துக்கொண்டு வாறன்."

"இருங்கண்ணே" என்று பாட்டிலை எடுத்தேன். தக்கையைத் திறந்ததும் மணம் அறையெங்கும் பரவியது. ராணி அக்கா சட்டென்று நிமிர்ந்தார். எழுந்து வந்து பாட்டிலை வாங்கி முகர்ந்தார்.

"இந்த மணம்தான்."

"மருந்து இல்லைக்கா. ரெண்டு மடக்கு ரம். நான்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன். போன்லயும் மறைச்சிட்டேன். மன்னிச்சிடுங்க."

"அப்ப அவர் எனக்கு வருத்தம் ஒண்டையும் ஒளிக்கேல்லையோ?"

"எனக்குத் தெரிஞ்சு இல்லைக்கா."

அக்கா படத்தின் பக்கம் திரும்பினார். "வெள்ளிக்கிழமையில குடிச்சுப்போட்டு, எனக்குப் பொய் சொன்னனீங்களோ?" குரல் உடைந்து அழுதார். அழுதுகொண்டே கிளாஸை விளிம்புவரை நிரப்பினார்.

படைத்து முடிந்து எனக்கும் ஒரு மடக்கு கிடைத்தது. முதலில் ஓமம், பிறகு துளசி, கடைசியில் நாக்கின் அடியில் ஒரு கசப்பு. அன்று மதுக்கடையில் அந்தக் கசப்பை நான் கவனிக்கவில்லை.

மாலை 4.30. புறப்படும்போது பாட்டிலைப் பார்த்தேன். பாதிக்கு மேல் இருந்தது.

"அதை விட்டிட்டுப் போங்கோ தம்பி" என்றார் அக்கா. "வருசம் முடிய, ஆட்டத் திவசத்துக்கு வைக்கவேணும். வெள்ளிக்கிழமையில வந்தாலும் வைப்பன்."