பதில் வரும்வரை கூப்பிட்டவர்

நம் தோட்டத்து மாரியம்மன் பிள்ளைகள் எல்லாருக்கும் வணக்கம். உட்கார்ந்து பேச எனக்கு வராது. நின்றபடியே சொல்லிவிடுகிறேன்.

கோலா தெர்லாவிலிருந்து காய்கறி லோரி ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒரு மழைநாளில் அவசரப்பட்டு முந்தப் போனேன். எதிரே மோட்டார் சைக்கிளில் வந்தவர்மேல் மோதிவிட்டேன், அவர் இறந்துவிட்டார். தப்பு என்னுடையதுதான். சிறைக்குப் போனேன்.

உள்ளே இருப்பே கொள்ளவில்லை. சுவருக்குச் சுவர் நடப்பேன். கண்ணை மூடினால் அந்த மோட்டார். வீட்டிலிருந்து பார்க்க வந்தால் போக மறுத்தேன். செத்துவிடலாம் என்ற எண்ணம் ஒட்டிக்கொண்டு விடவில்லை. "ஆத்தா, என்னை எடுத்துக்கோ. இல்ல, யாரையாவது அனுப்பு" என்று மாரியாத்தாளோடு சண்டை போட்டேன்.

வந்தவர் பக்கத்து அறை சலீம் பாய். பிரிஞ்சாங்கில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தவர், அவரும் கைதிதான். மனம் உடைந்த கைதிகளுக்குப் பேச்சுத் துணையாக இருக்கச் சில கைதிகளையே பழக்கியிருந்தார்கள். பாய் அதில் ஒருவர். புத்தி ஒன்றும் சொல்லவில்லை. "தோட்டத்துல என்ன வேல செஞ்ச தம்பி?" என்று மட்டும் கேட்டார்.

தேயிலைக் கொழுந்து பறித்த காலத்தைச் சொன்னேன். உங்களுக்கே தெரியும், பனிமூட்டம் இறங்கினால் பக்கத்து நிரையில் நிற்பவரைக்கூடப் பார்க்க முடியாது. "இருக்கியா?" என்று குரல் கொடுப்போம். "இருக்கேன்" என்று வரவேண்டும். வராவிட்டால் எல்லாரும் கூடையை இறக்கிவிட்டுத் தேடப் போவோம்.

அன்றிலிருந்து பாய் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அதையே கேட்க ஆரம்பித்தார். எரிச்சலாக வரும். ஆனாலும் பதில் சொல்லிவிடுவேன்.

ஒரு மதியம் பதில் சொல்லவில்லை. அன்று முடிவெடுத்திருந்தேன். "இருக்கியா?" மறுபடியும் கேட்டார். மறுபடியும். பிறகு கம்பியைத் தட்டி அந்த வரிசையையே கூட்டிவிட்டார். காவலர்கள் ஓடிவந்து என்னை வெளியே கொண்டுபோனார்கள். டாக்டர் வரும்வரை பாயை என் பக்கத்தில் உட்கார வைத்தார்கள்.

"ஏன் பாய் காட்டிக் குடுத்தீங்க?" என்று சீறினேன்.

"நீதானே சொன்ன, பதில் வரலன்னா கூடைய எறக்கணும்னு. எறக்கிட்டேன் லா."

சிறைக்குள் போனபின் அன்றுதான் முதல்முறை அழுதேன். நான் கூப்பிட்டது மாரியாத்தாளை, அவள் அனுப்பியது ஐந்து வேளை தொழுகிற மனிதரை.

மருந்து சாப்பிட்டேன். வீட்டாரைப் பார்த்தேன். கொஞ்ச நாள் கழித்து நானும் மற்றவர்களுக்குத் துணையாக உட்கார்ந்தேன்.

முழுக்கத் தேறிவிட்டேன் என்று பொய் சொல்லமாட்டேன். வெளியே வந்தும் இறந்தவர் வீட்டுக்கு இன்னும் போகவில்லை, போகவேண்டும். இப்போதும் கால் ஓரிடத்தில் நிற்பதில்லை.

உங்கள் பக்கத்தில் ஒருவர் பேச்சை நிறுத்திவிட்டால் ஆத்தாவைக் கூப்பிடுங்கள், அந்த மனிதரையும் கூப்பிடுங்கள். நீங்களே அந்த நிலையில் இருந்தால், அவளோடு சண்டை போடுங்கள், பரவாயில்லை. கூப்பிடுகிறவருக்கு மட்டும் பதில் சொல்லிவிடுங்கள்.

ஆத்தா, நான் இருக்கேன்.