அண்ணி எழுதிய கெட்ட வார்த்தை

கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்த ஒரு தாள். நாலாக மடித்து வைத்து வைத்து, மடிப்பு விழுந்த இடமெல்லாம் நைந்துபோயிருக்கிறது. மேலே நடுவில் ஒரு உ. அதன் கீழே எண் போட்டு, பைத்தான் என்கிற கணினி மொழியை எங்கள் வீட்டுப் பழைய மேசைக் கணினியில் ஏற்றுவதற்கான படிகள். கான்ஃபிகர், மேக், இன்ஸ்டால் என்கிற கட்டளைகள் எல்லாம் தமிழ் எழுத்தில். போன வாரம் வந்திருந்தபோது அண்ணி இதை என் கையில் திணித்துவிட்டு, "பரீட்சைக்கு முன்னாடி ஒரு வாட்டி பாத்துக்கோ பாப்பா" என்றார். குழந்தை பிறந்து இரண்டு வருடம் வீட்டில் இருந்துவிட்டு, மறுபடி வேலைக்கு எழுதிப் போட்டிருக்கிறேன். நாளைக்குத் தேர்வு. இன்றைக்கு யார் இந்தப் படிகளை உட்கார்ந்து செய்கிறார்கள், எல்லாம் ஒரு சொடுக்கில் வந்துவிடுகிறதே, இதை எதற்குக் கொடுத்தார் என்று நினைத்தபடி கைப்பைக்குள் போட்டுவிட்டேன்.

அண்ணிக்குப் பிறந்த ஊர் கீழ்பென்னாத்தூர். கணினி படித்து, சென்னையில் இரண்டு வருடம் வேலை பார்த்து, என் அண்ணனைக் கட்டிக்கொண்டு வேங்கிக்காலில் எங்கள் வீட்டுக்கு வந்தவர். எதை எழுதினாலும் முதலில் பிள்ளையார் சுழி போடாமல் அவருக்குக் கை ஓடாது. மளிகைச் சீட்டு, சலவைக்குப் போடும் துணிப் பட்டியல், ரிப்பேருக்குப் போகும் மிக்ஸியின் மேல் ஒட்டுகிற துண்டுச் சீட்டு, எல்லாவற்றுக்கும் உ. "வாட்ஸ்அப்புக்கும் ஒண்ணு போட்டுடுங்க அண்ணி" என்று நான் கிண்டல் பண்ணுவேன். அப்போது நான் கல்லூரியில் இரண்டாம் வருடம். சாமியாவது பூதமாவது என்று வாய் கிழியப் பேசுகிற வயது.

அண்ணிக்குப் பையன் பிறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. அண்ணி இரண்டு கம்பெனிக்கு எழுதிப் போட்டார். ஒன்றில், நேர்காணல் நடுவிலேயே போன் இணைப்பு அறுந்துபோனது. இன்னொன்றில், மூன்று வருட இடைவெளியா என்று கேட்டதோடு சரி. "நான் ராசியில்லாதவ பாப்பா" என்று என்னிடம் சொன்னபோது அவர் சிரித்தார், எனக்குத்தான் பகீரென்றது. மூன்றாவதாக ஒரு கம்பெனி. காலையில் ஒரு வேலை அனுப்புவார்கள், அவர்கள் சொல்கிற பைத்தான் பதிப்பில், நம் கணினியிலேயே செய்து நாலு மணிக்குள் திருப்பி அனுப்ப வேண்டும். அண்ணன் ஓசூரில் இருந்தான், எல்லாவற்றையும் விட்டுவிட்டு அங்கே வந்துவிடு என்று சொல்லிக்கொண்டிருந்தான். அண்ணி என் அம்மாவிடம், "இதுவும் வரலன்னா இனிமே வேலைன்னு கேக்க மாட்டேன் அத்த" என்று சொல்லிவிட்டார். அம்மா உடனே சரி என்றாள். அந்த வேகத்தைப் பார்த்துதான் நான் பயந்தேன்.

அந்த நாள் பௌர்ணமியில் வந்து விழுந்தது. கிரிவலத்துக்கு ஊரே திரண்டு வரும், வந்தவர்கள் கையில் எல்லாம் போன் இருக்கும், நமக்கு ஒரு புள்ளி சிக்னல் மிஞ்சினால் அதுவே அருள். ஒன்பது மணிக்கு மெயில் வந்தது. எங்கள் கணினியில் லினக்ஸ் இயங்குதளம் போட்டுவைத்தவள் நான்தான். அதிலிருந்த பைத்தான் பழசு. புதுசு, தயாராக எங்கேயும் கிடைக்கவில்லை. மூல நிரலை இறக்கி நாமே கட்டிக்கொள்ள வேண்டும். பாக்கெட் மாவு கிடைக்காவிட்டால் அரிசி ஊறவைத்து ஆட்டிக்கொள்வதில்லையா, அந்த மாதிரி. "ஒரு மணி நேர வேலை அண்ணி, கவலையே படாதீங்க" என்றேன். வாய்க்கொழுப்பு, வேறென்ன!

ஜன்னல் கம்பியில் செருகியிருந்த போன் வழியாக அது சொட்டுச் சொட்டாக இறங்கியது. அம்மா வந்து எட்டிப் பார்த்து, "இன்னாடி அது, பாம்பு பேரா? ஆரம்பமே சரியில்லியே" என்றாள். அண்ணியின் முகம் சுண்டிப்போனது. இறங்கி முடிக்கப் பதினொன்றரை. கட்டச் சொன்னதும் திரையில் வரி வரியாக ஓட ஆரம்பித்தது. கரண்ட் போனால் தொலைந்தோம் என்று நான் விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தேன். முக்கால் மணி நேரம் கழித்து, சுருக்கிவைத்த கோப்புகளை விரிக்கிற பகுதி மட்டும் சேரவில்லை என்று சொல்லி முடித்தது. கம்பெனி அனுப்பியிருந்த தரவோ முழுக்கச் சுருக்கி அனுப்பியது!

அதற்குத் தேவையான பொருள் எந்த இடத்தில் இருக்கிறதென்று ஒரு சின்ன அமைப்புக் கோப்பில் இரண்டு வரி எழுதிவிட்டால் போதும் என்று கண்டுபிடித்தோம். காலையிலிருந்து ஒவ்வொரு படியாக எழுதிவந்த தாளில் அண்ணி அதையும் குறித்துக்கொண்டார். "நீ போய் சாப்பிடு, நான் அடிக்கிறேன்" என்றார். நான் இரண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்து, மறுபடி கட்டச் சொன்னேன். இந்த முறை ஓடவே இல்லை. ஒரே வரியில் நின்றுவிட்டது. பேட் வேர்ட் என்று எழுதி, பக்கத்தில் ஒரு காலிக் கட்டம்.

"கெட்ட வார்த்தையா? நான் இன்னா கெட்ட வார்த்தை எழுதினேன்?" அண்ணி அவசரமாகத் தாளை எடுத்துப் பார்த்தார்.

"நல்ல நாளும் அதுவுமா!" என்றாள் அம்மா, உள்ளேயிருந்து.

எந்த வார்த்தை என்று அது காட்டினால்தானே! அந்த இரண்டு வரியை எழுத்து எழுத்தாகச் சரிபார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. மறுபடி ஓட்டினேன், மறுபடி கெட்ட வார்த்தை. மணி ஒன்றரை. இனி கட்டி முடிக்க முக்கால் மணி, அதற்குமேல்தான் அண்ணி வேலையையே ஆரம்பிக்க வேண்டும். அதற்குள் பையன் எழுந்து அழ, அண்ணி அவனைத் தூக்கப் போனார். வேறு ஒரு எடிட்டரில் அந்தக் கோப்பை முதலிலிருந்து திறந்து பார்ப்போமென்று திறந்தேன்.

முதல் வரியில், தனியாக, ஒரு உ.

சிரிப்புதான் முதலில் வந்தது. கட்டளை அடிக்கிற முனையத் திரைக்குத் தமிழ் எழுத்து காட்டத் தெரியாது, அதனால்தான் காலிக் கட்டம். பிள்ளையார் சுழியைப் போய்க் கெட்ட வார்த்தை என்று சொல்லியிருக்கிறது! "அண்ணி!" என்று கத்தப் போனவள் அப்படியே வாயை மூடிக்கொண்டேன். ராசியில்லாதவள் என்று தன்னைச் சொல்லிக்கொள்கிற மனுஷி. காலையிலிருந்து அம்மா வேறு சகுனம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். உங்கள் பிள்ளையார் சுழிதான் வழியை மறித்தது என்று சொன்னால், பிள்ளையாருக்கே இஷ்டமில்லை என்று எழுந்து போய்விடுவார். போனால் நேராக ஓசூர்தான்.

அழித்துவிடலாம் என்று விரலைக் கொண்டுபோனேன். முடியவில்லை. பரீட்சைத் தாளில் யாரும் பார்க்காதபோது நானும் போட்டவள்தானே! அந்த மாதிரிக் கோப்புகளில் ஒரு வரிக்கு முன்னால் # போட்டால், கணினி அந்த வரியைக் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போய்விடும். உ-வுக்கு முன்னால் ஒரு # போட்டுச் சேமித்தேன்.

பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு அண்ணி வந்தார். "இன்னா பாப்பா, தெரிஞ்சிதா?"

"ஒரு இடைவெளி ஜாஸ்தியா இருந்துது அண்ணி. எடுத்துட்டேன்."

"அவ்ளோதானா?" கோப்பு இன்னும் திறந்தே இருந்தது. திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். நான் சட்டென்று அதை மூடிவிட்டு, கட்டச் சொல்லும் கட்டளையை அடித்தேன். வரிகள் ஓடின. கட்டி முடிந்து, >>> என்று மூன்று கூர்முனைகளோடு பைத்தான் தயாராக வந்து நின்றபோது மணி இரண்டரை. பையனை என்னிடம் கொடுத்துவிட்டு அண்ணி உட்கார்ந்தார். ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் குனிந்த தலை நிமிராமல் அடித்தார். நாலுக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் அனுப்பினார். சுற்றிக்கொண்டிருந்த வட்டம் நிற்கிறவரை நாங்கள் இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

வேலை கிடைத்தது. அண்ணி ஓசூருக்குப் போகவில்லை, அண்ணன்தான் வேலையை இங்கே மாற்றிக்கொண்டு வந்தான். இன்றைக்கு அவருக்குக் கீழே பத்துப் பேர் வேலை செய்கிறார்கள். நான் மட்டும் அந்தப் பொய்யைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, அண்ணியைக் காப்பாற்றியவள் என்று உள்ளுக்குள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

இன்று காலை, நாளைய தேர்வை நினைத்துப் பயந்துகொண்டே கைப்பையைத் திறந்து, தாளை எடுத்துப் பிரித்தேன். பின்பக்கம் திருப்பியது இதுதான் முதல் தடவை. வேறு மையில், அண்ணியின் கையெழுத்து:

"உ-க்கு முன்னாடி # போடணும். பாப்பா போட்டு வெச்சிருக்கா. நான் பயந்துடுவேன்னு எங்கிட்ட சொல்லல. நானும் கேட்டுக்கல."

உடனே போன் போட்டேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டே "அண்ணி" என்றேன். "திருப்பிப் பாத்துட்டியா?" என்றார். "பாத்துட்டேன் அண்ணி." "அப்ப சரி, அழாம போய் படி" என்று வைத்துவிட்டார்.

பயம் போய்விடவில்லை, அப்படியேதான் இருக்கிறது. மடிக்கணினியைத் திறந்து, பழகிப் பார்க்கப் புதிதாக ஒரு கோப்பை ஆரம்பித்தேன். முதல் வரியில் ஒரு # போட்டு, ஒரு இடம் விட்டு, உ போட்டேன். பக்கத்தில் தாளை விரித்து வைத்துக்கொண்டு அடிக்க உட்கார்ந்தேன்.